எங்கள் நகராட்சியில் வீடற்றோர் எவரும் இலர்

ஜூன் 28, வெள்ளி

இன்று மன்றக் கூட்டம். இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு, கூட்டத்துக்கென்று வைத்திருக்கும் வாடாமல்லிச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

நான் காரைமேடு நகராட்சியின் பத்தொன்பதாவது வார்டு கவுன்சிலர். இப்படி எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஏனென்றால் ஊரில் யாராவது "கவுன்சிலர்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது என் வீட்டுக்காரர் லோகநாதன்தான். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவர் நிற்க முடியாததால் என்னை நிற்க வைத்தார். நின்றேன், ஜெயித்தேன், உட்கார்ந்துவிட்டேன். பேச்செல்லாம் அவருடையது. என்னை ஊர் "கவுன்சிலர் வீட்டம்மா" என்கிறது.

புதிதாக வந்திருக்கும் ஆணையர் இளம் பிள்ளை. வந்ததும் ஒரு சுற்றறிக்கை விட்டார்: பெண் உறுப்பினர்களின் கணவர்கள் மன்றத்துக்குள் வரக் கூடாது, அது உறுப்பினர் நடத்தைக்கு முரண். ஆகவே கணவன்மார் எல்லாரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். ஊரை ஆளும் மன்றம் அங்கேதான் நடந்தது. உள்ளே எங்களுக்கு வேலை சுலபம். தலைவர் பொருளின் எண்ணை மட்டும் படிப்பார், நாங்கள் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" என்போம். போண்டா வருவதற்குள் முடிந்துவிடும்.

இன்று போண்டா தாமதம். வேறு வழியில்லாமல் கையிலிருந்த பொருள் நிரலைப் படித்தேன். சட்டமன்றத்தில் யாரோ கேட்ட கேள்விக்கு அரசாங்கம் ஊர் ஊராகப் பதில் கேட்டிருக்கிறதாம். நகரில் வீடில்லாதவர் எத்தனை பேர்? பதில்: எவரும் இலர். வீடற்றோர் தங்குமிடம் செயல்படுகிறதா? பதில்: முழுக் கொள்ளளவில் செயல்பட்டு வருகிறது.

எவரும் இல்லையென்றால் முழுக் கொள்ளளவில் யார் தங்குகிறார்கள் என்று பக்கத்து நாற்காலி பரமேஸ்வரியைக் கேட்டேன். "அக்கா, போண்டா வந்திருச்சு" என்றாள். நானும் மேசையைத் தட்டினேன்.

அந்தத் தங்குமிடம் என் வார்டில், பழைய சந்தைப்பேட்டையில்தான் இருக்கிறது. திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியது நான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூன் 29, சனி

அந்தப் பதிலைப் பற்றி அவரிடம் கேட்டேன். "கவர்மெண்டு கேட்டா பதில் சொல்லோணும், அவ்வளவுதான்" என்றார். தட்டைப் பார்த்தபடியே சொன்னார். இரண்டாம் தடவை ரசம் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

பேருந்து நிலையத்துக்கு வெளியே பூக்கட்டும் பேச்சியம்மாள், வெள்ளிக்கிழமைப் பூ வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நூல் மில் வேலைக்கு என்று புருஷனோடு வந்தாள். மில் மூடியது, புருஷன் போனான், வாடகை கொடுக்க முடியாமல் அறையும் போனது. இப்போது அவளும் மகள் இசக்கியும் பூட்டிய கடைகளின் முன்னால் படுக்கிறார்கள். இவ்வளவும் எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை நாளும் முழம் எவ்வளவு என்பதைத் தவிர நான் அவளிடம் வேறொன்றும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு விலாசம் வேண்டுமாம். விலாசம் இருந்தால் ரேஷன் கார்டு கிடைக்கும், கார்டு இருந்தால் பெண்களுக்கு மாதாமாதம் அரசு போடும் பணம் கிடைக்கும். என் வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கித் தரச் சொன்னாள். பார்க்கிறேன் என்று சொல்லிக் கிளம்பப் பார்த்தேன்.

"பணம் கெடக்கட்டும்க்கா," என்றாள். "எம் மவ பெரியவளாயிட்டா. நான் உறங்கும்போது அவ முழிச்சிருப்பா, அவ உறங்கும்போது நான் முழிச்சிருப்பேன். எங்களுக்கு ஒரு கதவு வேணும். உள்ள இருந்து தாப்பா போடுத மாதிரி."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சந்தைப்பேட்டையில் தங்குமிடம் இருக்கிறதே, பெண்களுக்குத் தனி அறை உண்டே, அங்கே போகக் கூடாதா என்றேன். பேச்சி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனார்களாம், பூட்டிக் கிடந்ததாம், ஆட்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பூவை அளந்து போட்டு, கேட்காமலே ஒரு முழம் கூட வைத்தாள். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பேச்சியைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். அவரிடம் சொல்லவில்லை. அங்கிருந்தவர் என்னைப் பார்த்து, "கவுன்சிலர் வரலீங்களா?" என்றார். நான்தான் என்றேன். நல்ல நகைச்சுவை கேட்டவர்போல் சிரித்துவிட்டு நாற்காலி போடச் சொன்னார்.

வாடகை ஒப்பந்தம் வேண்டுமாம். இல்லாவிட்டால் கரண்ட் பில். இல்லாவிட்டால் வீட்டு வரி ரசீது. இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற பணத்தை வாங்க, இருக்கிறவள் என்று நிரூபிக்க வேண்டும். இதை எழுதிய புண்ணியவான் எந்த நிழலில் உட்கார்ந்து எழுதினாரோ. என் வாய் சும்மா இருக்கவில்லை, கேட்டுவிட்டேன். அவர் பாவம், கோபித்துக்கொள்ளவில்லை. இந்தம்மா நகராட்சித் தங்குமிடத்தில் தங்கியிருந்தால் அதையே விலாசமாகப் போட்டுக் கவுன்சிலர் கையெழுத்திட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றார்.

ஆக, கதவுக்கும் சந்தைப்பேட்டைதான் வழி, கார்டுக்கும் அதே வழிதான்.

ஜூலை 10, புதன்

தங்குமிடத்தில் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ரிப்பேர் நடக்கிறது என்றார். என்ன ரிப்பேர் என்றேன். ஓடு என்றார். அது காங்கிரீட் கட்டடம்.

ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் ஒரு பெரிய சாவி தொங்குகிறது. அவருடைய பந்தல் கடைச் சாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கொத்தமல்லி விதை போட்டது முளைக்கவில்லை.

ஜூலை 17, புதன். ஆடி முதல் நாள்

ஆடியில் கல்யாணம் கிடையாது. அவர் கடை வாடகைக்கு விடும் சேர், மேசை, அண்டா, சாமியானா எல்லாம் ஊர் சுற்றி முடித்துத் திரும்பி வந்து சேரும் மாதம். காலையிலிருந்து குட்டியானை வண்டி ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. போன வருஷம் கிடங்கைக் காலி செய்துவிட்டு, இதைவிட நல்ல இடம் அமைந்தது என்றார். எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. வண்டி சந்தைப்பேட்டைப் பக்கம் திரும்பியதை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். அந்தப் பக்கம் மெக்கானிக் கடையும் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். அவர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார். கோழிக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, இறக்கி வைக்காமலே அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சந்தைப்பேட்டைக்கு நடந்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேர்கள்தான். நீலச் சேர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக விட்டம் வரைக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரின் முதலெழுத்து. பெண்கள் அறையில் பிரியாணி அண்டாக்கள். சட்டமன்றத்துக்கு நாங்கள் சொன்ன பதிலில் பொய் பாதிதான். முழுக் கொள்ளளவில் செயல்பட்டுத்தான் வருகிறது.

எனக்கு அழுகை வரவில்லை, பயங்கரக் கோபம் வந்தது. திரும்பும் வழியில் பேச்சியைப் பார்த்தேன். கடை முன்னால் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் நனையாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சி என்னைப் பார்த்ததும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஆரம்பம் முதலே தெரிந்திருக்கிறது. யார் வீட்டுச் சேர் என்பதும் தெரிந்துதான் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அவர் வந்ததும் வெடித்துவிட்டேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நிதானமாகக் கணக்குச் சொன்னார். போன வருஷம் நகராட்சி சொத்து வரியை ஏற்றியது. கிடங்குக்காரர் அதைக் காட்டி வாடகையை இரட்டிப்பாக்கினார். மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நேரம். சும்மா பூட்டிக் கிடந்த கட்டடம்; ஆடி மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்ததாம்.

"அந்த வரியை ஏத்தறப்ப மேசையைத் தட்டுனது யாரு, சாந்தாமணி?" என்றார்.

"நீங்கதானே தட்டச் சொன்னீங்க?"

குழம்பு ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணாமலே போட்டேன். அவரும் அப்படியே சாப்பிட்டார்.

ஜூலை 24, புதன்

சாவியை எடுத்து மறுபடி மாட்டினேன்.

ஜூலை 30, செவ்வாய்

காரைமேடே அலறுகிறது. எங்கள் பதிலைப் படித்த சட்டமன்றக் குழு ஒன்று, முழுக் கொள்ளளவில் தங்குமிடம் நடத்தும் நகராட்சிகளை நேரில் பார்த்துப் பாராட்ட வருகிறதாம். அடுத்த செவ்வாய் காரைமேடு. தலைவர் டீக்கடைக்கு ஓடினார், டீக்கடையிலிருந்து இவர் தங்குமிடத்துக்கு ஓடினார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பிளாஸ்டிக் சேர் எம்மாத்திரம். சாயங்காலத்துக்குள் எல்லாம் சிவகாமி மண்டபத்துக்குக் குடிபோய்விட்டன. ஆடியில் அதுவும் காலியாகத்தானே கிடக்கிறது. ஆவணியில் மண்டபத்துக்கு முகூர்த்தம் இருப்பதால் குழு போன அன்றே எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சாம்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

சித்திரான்னம் கிண்டினேன். தங்குமிடத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பாய், தலையணை, சோப்பு, கண்ணாடி வந்திறங்கின. நடத்துவதாகக் காகிதத்தில் மட்டும் இருக்கும் அறக்கட்டளையின் பெயர்ப் பலகையும் வந்தது. ஆட்கள்தான் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒத்திகை. வீடில்லாதவர்களாக நடிக்க இவர் கடையின் பந்தல்காரர்களைக் கூட்டி வந்திருந்தார். எல்லாரும் அரசாங்க விழா என்று நினைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, செண்ட் சகிதம் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் மோதிரம் வேறு. வீடில்லாதவர்களின் ஊர்வலம் என்பதைவிட மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியதுபோல் இருந்தது. ஆணையர் அவர்களைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"மேடம், இது உங்க வார்டு. நிஜமானவங்க இந்த ஊர்ல யாருமே இல்லீங்களா?" என்றார்.

எவரும் இலர் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இருக்கிறார்கள் என்றேன். "ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வந்திரு புள்ள" என்று இவர் மெதுவாகச் சொன்னார். ஒரே ஒரு நாள்.

பேச்சியிடம் போய் நின்றேன். ஒரு நாளுக்குத்தான் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அவளே போய்ப் பேருந்து நிலையத்தில், பாலத்தடியில், மாரியம்மன் கோயில் மதில் ஓரத்தில் படுப்பவர்களையெல்லாம் கூட்டி வந்தாள். எங்கள் நகராட்சியில் இத்தனை பேர் இருப்பது நகராட்சிக்குத் தெரியாது, பேச்சிக்குப் பெயர் பெயராகத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முழுவதும் எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதிவிடுகிறேன்.

குழு வந்தது, மாலை போட்டார்கள், இளநீர் குடித்தார்கள். எல்லாரும் குளித்து, எண்ணெய் வைத்து, பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியின் மகள் தலையில் அம்மா கட்டிய பூ. குழுவில் வந்த ஒரு பெரியவர் பெண்கள் அறைக்கு வந்து பேச்சியிடம், எத்தனை காலமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். இரண்டு வருஷம் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தது. அவள் அப்படியே சொன்னாள். குறை ஏதும் உண்டா என்றார். ஒரு குறையும் இல்லை என்றாள். அவர் மகிழ்ச்சியோடு புத்தகத்தில் பாராட்டி எழுதிக் கையெழுத்திட்டார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூட இப்படிக் கூசியிருக்காது.

மதியச் சாப்பாட்டோடு கார்கள் போயின. நான் வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுத்தேன். நாலு மணி வாக்கில் அவர் போன் செய்தார். மண்டபத்திலிருந்து சேர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். ஆண்கள் பக்கம் தாங்களே எழுந்து, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பெண்கள் அறை மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, தட்டினால் திறக்கவில்லை, பொம்பளைகள் விஷயம், நீ வந்து பேசு என்றார்.

போனேன். குட்டியானை வாசலில் நின்றது. அவரும் ஓட்டுநரும் எரிச்சலோடு நின்றிருந்தார்கள். கதவைத் தட்டி, நான்தான் சாந்தாமணி என்றேன். பேச்சி உள்ளிருந்து பேசினாள். திறக்கவில்லை.

"எக்கா, நேரமாயிட்டுன்னு தெரியும். ஒரு நாளுதான்னு சொல்லித்தான் கூட்டியாந்திய. புள்ள உறங்குதா. எல்லாரும் உறங்குதாவ. இந்தப் புள்ள இப்படி வாயத் தொறந்துகிட்டு உறங்கி நான் பாத்து ரொம்ப காலமாச்சு. அவ முழிச்சதும் நாங்களே போயிருவோம். எழுப்ப மட்டும் சொல்லாதிய."

அவள் எங்களைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நியாயத்தைப் பேசியிருந்தால் நானும் எதையாவது பேசியிருப்பேன். அவள் போய்விடுகிறேன் என்கிறாள். வெளியில் கிடக்கும் சேர்கள் எங்களுடையவை, உள்ளே உறங்குகிறவள் என் மகளைவிடச் சின்னவள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர், "என்ன சொல்றா?" என்றார்.

ஓட்டுநரைக் கூப்பிட்டு, வண்டியை நம் வீட்டுக்கு விடச் சொன்னேன். அவன் அவரைப் பார்த்தான். எப்போதும் அவரைத்தான் பார்ப்பான்.

"வீட்டுல எங்க வெக்கறது?" என்றார் அவர்.

"எங்கேயாச்சும் வெய்யுங்க. இங்க வேண்டாம்."

"வெளையாடறயா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க. நான் இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் என்னைத் தூக்கியா எறிய முடியும். வண்டி கிளம்பியது. பெண்கள் எழுந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே இருந்தேன். இசக்கி கண்ணைக் கசக்கிக்கொண்டு, கிளம்பணுமா என்று அம்மாவைக் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொன்னேன். வாசல் பூட்டிலேயே தொங்கிய அந்தப் பெரிய சாவியைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கூடத்தில் சேர். சாமி அறையில் சேர். சமையலறையில் அண்டாவுக்குள் அண்டா. குளியலறைக்கு ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அவர் என்னோடு பேசுவதில்லை. மகளுக்குப் போன் போட்டு, உன் அம்மாவைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல் என்கிறார். அவள் கோயம்புத்தூரிலிருந்து என்னைக் கூப்பிட்டு, சட்டையை எடுத்து வையம்மா என்கிறாள். பிறகு என்னதான் செய்தாய் என்று கேட்டாள். சொன்னேன். "சட்டையை அவரே எடுத்துக்கட்டும்மா" என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

கால் நீட்ட இடமில்லாமல் அவர் நாலு சேரை ஒட்டிப் போட்டு அதில் படுக்கிறார். நேற்று புரண்டு கீழே விழுந்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கினேன். இடுப்பில் தைலம் தேய்க்கும்போது, அந்தப் புள்ளை அங்கேயேதான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, பாலத்தடி ஆட்களும் திரும்பி வந்துவிட்டார்கள் என்றேன். ம் என்றார். சரியான அடி, பாவம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தலைவர் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சேருக்கு மட்டும் பஞ்சமில்லை. குழுதான் போய்விட்டதே, அந்தக் கட்டடத்தை வேறு எதற்காவது குத்தகைக்கு விடலாம் என்று யோசனையாம். இதை முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார், காப்பி கொடுத்த என்னைப் பார்க்கவில்லை. இவர் பிடி கொடுக்காமல், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

தலைவர் போனதும் நான் ஆட்டோ பிடித்து நகராட்சிக்குத் தனியாகப் போனேன். ஆணையரிடம், தீர்மானம் ஏதாவது இல்லாவிட்டால் அவர்களை எந்த நாளும் வெளியேற்றிவிடுவார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். தீர்மானம் கொண்டுவர யாரைப் பார்க்க வேண்டும் என்றேன். "கவுன்சிலர் எழுதிக் கொடுத்தா போதும் மேடம்" என்றார். சிரிக்காமல் சொன்னார். ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மன்றக் கூட்டம். நான் எழுதிக் கொடுத்தது பொருள் நிரலில் நடுவாக, ஒரு குடிநீர்க் குழாய்க்கும் ஒரு தெருவிளக்குக்கும் இடையில் அச்சாகியிருந்தது. சந்தைப்பேட்டைக் கட்டடம் வீடற்றோருக்கு மட்டுமே; வேறு எவருக்கும், எப்பொருளுக்கும் கொடுக்கக் கூடாது; வசிப்பவர்களுக்கு அதுவே விலாசம்; நகரில் வீடற்றோர் உண்டு என்று அரசுக்குத் திருத்திய பதில் அனுப்ப வேண்டும்.

எழுந்து பேசுவதற்கு நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தலைவர் எதிர்ப்பார், மற்ற உறுப்பினர்கள் கேலி பண்ணுவார்கள், அழாமல் பேச வேண்டும் என்று கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

போண்டா இன்று சீக்கிரமே வந்துவிட்டது. வாசனை மன்றத்துக்குள் நுழைந்ததும் தலைவர் வேகமெடுத்தார். எண்களை மூச்சுவிடாமல் படித்தார். என் பொருளின் எண்ணும் அதில் போயிற்று. நான் எழுந்திருக்கப் பாதி எழும்பினேன். அதற்குள் எல்லா மேசைகளும் தட்டப்பட்டன. "ஆல் பாஸ்" என்று பரமேஸ்வரிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். எழும்பியவள் அப்படியே உட்கார்ந்து நானும் தட்டினேன். ஆணையர் தலையைக் குனிந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் டீக்கடையில் எதுவும் தெரியாது. வண்டியில் போகும்போது அவர் காதில் சொன்னேன். வண்டி ஒரு தரம் ஆடியது. வாசலில் இறங்கியதும், ஈரோட்டு ரோட்டில் ஒரு பழைய பஞ்சு ஷெட் இருக்கிறது, நாச்சிமுத்துவின் பந்தல் கடையும் சேர்ந்து எடுத்தால் வாடகை கட்டுப்படியாகும், பேசி முடித்துவிட்டேன் என்றார். எப்போது பேசினார் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

தலைவருக்கு இன்றுதான் தெரிந்ததாம். போனில் கொதித்தார். தட்டியது நீங்களும்தானே என்று இவர் சொன்னது சமையலறை வரை கேட்டது. சேர்கள் ஷெட்டுக்குப் போயின. வீடு மைதானம்போல் இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் சத்தம். அவர் வழக்கம்போல் எழுந்து என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். "உங்களைப் பாக்க வரல, கவுன்சிலரைக் கூப்பிடுங்க" என்று ஒரு குரல். அவர் உள்ளே வந்து, "உன்னையத்தான்" என்றார்.

பேச்சி நின்றிருந்தாள். போன வாரம்தான் அவளுக்கு ரேஷன் கார்டு வந்தது; கையெழுத்து என்னுடையது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். மாதப் பணத்துக்கு எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லவும் தயாராக இருந்தேன்.

"மூணு நாளாத் தண்ணி வரல," என்றாள். "மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு சொல்லி விட்டேன், ஒரு ஆளு எட்டிப் பாக்கல. பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு நாங்க எங்க போயிக் குளிக்க? ஒங்க வார்டுதான இது? ஓட்டு மட்டும் கேட்டு வருவியல்லா?"

தெருவே பார்த்தது. எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காகவா இத்தனையும் பட்டோம், வீடு முழுக்கச் சேரை அடுக்கிக்கொண்டு கிடந்தோம் என்று முகம் சுண்டிப்போயிற்று. நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் வாய் தேய்ந்தா போகும். குறை உண்டா என்று குழுப் பெரியவர் கேட்டபோது, ஒரு குறையும் இல்லை என்று தலையைக் குனிந்து சொன்ன அதே வாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தெருவில் தண்ணீர் வராவிட்டால் எல்லாப் பெண்களும் இப்படித்தான் இடுப்பில் கைவைத்து வாசலில் வந்து நிற்பார்கள், இதே வார்த்தையைத்தான் கேட்பார்கள். நடைபாதையில் படுக்கிறவள் யாரிடமும் இப்படிக் கேட்க மாட்டாள். வீட்டுக்காரிதான் இப்படிச் சண்டைக்கு வருவாள்.

அரிசியை அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். வண்டியை எடுக்கவா என்று அவர் கேட்டார். நடந்தே போகிறோம் என்றேன். வழி நெடுக அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.